விடுதிப் பெண்களுக்கும் ஒரு பொத்தான்

வியாழக்கிழமை வந்தால் தொடர் ரசிகர்கள் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வாரம் டி.ஆர்.பி.யில் முதலிடம் யாருக்கு? 'சிங்கப்பெண்ணே', 'கயல்', 'மூன்று முடிச்சு' என்று சில பெயர்களே மாறி மாறி முன்வரிசையில் நின்றுவந்திருக்கின்றன. அந்தப் பட்டியலை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

'சிங்கப்பெண்ணே' 2023 அக்டோபரில் சன் டி.வி.யில் தொடங்கியது. நாயகி ஆனந்தி கிராமத்திலிருந்து சென்னைக்கு வருகிறாள், விடுதியில் தங்குகிறாள், கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்து வாழ்க்கையும் அதுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு ரூ.706.50 கோடி, இடம் 18,720 பேருக்கு. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தனியார் விடுதிகள் இதில் சேராது. இத்தனை ஆனந்திகள் பார்க்கும் தொடரின் ரேட்டிங்கில் அவர்கள் கணக்கு வருவதில்லை.

ரேட்டிங் எடுப்பது 2015 முதல் பார்க் இந்தியா நிறுவனம். அதன் மீட்டர் வைத்த வீடுகள் நாடு முழுவதும் 50,000க்கு மேல். டி.வி. உள்ள வீடுகளோ 20 கோடிக்கும் அதிகம். ஆக, ஒரு மீட்டர் ஏறத்தாழ 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. சேனல்களின் ஒலியில் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு, ரிமோட்டில் வீட்டின் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். அதை அழுத்திவிட்டு உட்கார வேண்டும்.

மாதிரி எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மாதிரி எடுக்காமல் இவ்வளவு பெரிய நாட்டை அளக்க முடியாது. என் கேள்வி, அந்த 'வீடு' எது என்பதைப் பற்றியது. விளம்பரக்காரர்கள் பல ஆண்டுகளாகக் குடும்பங்களைத் தரம் பிரித்த முறையைப் பாருங்கள். குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எவ்வளவு படித்திருக்கிறார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என நீளும் 11 பொருட்களில் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். விழுப்புரம் பக்கம் ஒரு வீட்டில் அந்தச் சம்பாத்தியக்காரியே இங்கே விடுதியின் மேல்தளத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணாக இருக்கலாம். வீட்டு ஃபிரிட்ஜுக்குத் தவணை கட்டுபவளும் அவளாக இருக்கலாம். அங்கே மீட்டர் இருந்தாலும் பொத்தானை அழுத்த அவள் அந்த ஊரில் இல்லை. இங்கே ஹாலில் டி.வி. ஓடினாலும் விடுதி ஒரு குடும்பம் ஆகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விடுதிகளையும் தனி இனமாக வைத்து எண்ணுகிறது. ஆனால் டி.வி. கணக்கில் அவள் இரண்டு இடத்திலும் விடுபடுகிறாள்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "பி ஷிப்ட்டுன்னா எட்டு மணிக்கு லைன்ல நிப்போம்க்கா. காலைலதான் போன்ல பார்ப்போம். அதுக்குள்ள அம்மா போன் பண்ணி பாதிக் கதைய சொல்லிடும்" என்றாள். அம்மா பார்ப்பது ரேட்டிங் ஆகலாம். மகள் போனில் பார்ப்பது ஆகாது. ஆனந்திக்கு ஒரு துன்பம் வந்தால், அந்த அம்மா மகளை நினைத்துத்தான் போன் செய்கிறார் என்று நான் நம்புகிறேன். தொடரின் வெற்றியில் பெரும்பங்கு இப்படிப்பட்ட தாய்மாருடையது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்ணப்படுவதால் என்ன கிடைக்கும்? ரேட்டிங் விழுந்தால் தொடரின் நேரம் மாறுகிறது, கதை மாறுகிறது, சில வாரங்களில் தொடரே முடிகிறது. ஆனந்தி எந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், வேலையை விடலாமா, யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் எல்லாம் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயில் விழுந்தபோது சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண்கள் இந்தப் பகுதிக்காரர்கள். அவர்களைப் போன்றவர்கள் கணக்கில் இருந்தால் கதை எழுதுபவருக்கு அந்தத் துணிச்சலையும் எழுதத் தோன்றும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் இருந்தது. ஊரைவிட்டுப் போய் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளை, அங்கு ரேட்டிங் எடுக்கும் நீல்சன் நிறுவனம் 2007இல்தான் கணக்கில் சேர்த்தது. மீட்டர் இருக்கும் வீட்டுப் பிள்ளை எந்த விடுதியில் இருக்கிறதோ, அங்கும் ஒரு மீட்டர். பின்னர் ஹோட்டல், பார் என்று வெளியிடங்களில் பார்ப்பவர்களையும் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்குச் சொல்லப்பட்ட 12.77 கோடிப் பார்வையாளர்களில் அவர்களும் அடக்கம்.

இங்கும் அதுபோல் தொடங்கலாம். மீட்டர் உள்ள வீடுகளில், வேலைக்காக விடுதிக்குப் போன மகள் இருக்கிறாளா என்று பார்க் கேட்கட்டும். இருந்தால், அவள் சம்மதத்தோடு அவள் போனையும் கணக்கில் எடுக்கட்டும். வார்டனிடமோ கம்பெனியிடமோ அந்தச் சம்மதத்தை வாங்கக் கூடாது. அவளிடமே கேட்க வேண்டும்.