காணாமல் போகவில்லை, காக்கப்படவில்லை

பல்கலைக்கழகம் ஒன்றின் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் சொல்: ‘அந்தப் படம் காணாமல் போய்விட்டது.’ படத்துக்குக் கால் முளைத்ததா? எங்கள் திருப்பாலைக்குடிப் பெண்கள் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயில் பார்த்துப் புரட்டினால்தான் கருவாடு. அழுகினால், யார் கவனிக்காமல் விட்டது என்று கேட்பார்கள். படச்சுருளும் அப்படித்தான். நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். அசிடேட் வெக்கையிலும் ஈரத்திலும் புளித்துச் சுருங்கும். குளிரும் உலர்வும் காசும் கொடுத்தால் நிற்கும்.

முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931). அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தயாரித்து இயக்கினார், தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர். இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ சுருள்கள் வெள்ளிக்காக அழிக்கப்பட்டுவிட்டன.

‘ஆண்கள் எடுத்த படங்களும்தானே அழிந்தன?’ என்பார்கள். அழிந்தன. ஆனால் அவர்களுக்கு நூறு போனாலும் நூறு மிச்சம். எங்களுக்கு ஒன்று போனால் தொடக்கமே போகிறது. பிறகு, ‘அந்தக் காலத்தில் பெண்கள் எங்கே படம் எடுத்தார்கள்?’ என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

ஆகவே, சலுகையாக அல்ல, கணக்குத் தீர்ப்பதாகவே கேட்கிறேன்: பெண்கள் எடுத்த படங்கள் முதலில் குளிரறைக்குப் போகட்டும்.