எண் இறங்கிவிட்டால் காமாலை போய்விட்டதா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கண் மஞ்சளித்தால் முதலில் தேடுவது கீழாநெல்லியை. அரைத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை.

எஸ்.ஜி.பி.டி. 1,000 என்று சீட்டு வரும். வீடே கலங்கும். இரண்டு வாரத்தில் 300. "எறங்கிருச்சு ஆச்சி, இனிமே பயமில்லே!" என்பார்கள்.

அவசரப்படக் கூடாது!

ஈரல் செல்கள் சேதமாகும்போது உள்ளே இருக்கும் என்சைம் ரத்தத்தில் கசிகிறது. அந்தக் கசிவின் அளவுதான் எஸ்.ஜி.பி.டி. அது நோய் அல்ல, நோயின் அடையாளம்.

தானே இறங்கும்

கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகும். மருந்தே சாப்பிடாவிட்டாலும் எண் இறங்கும். பெயர் மட்டும் மருந்துக்கு! ஆனால் கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிருக்கே ஆபத்து.

பி, சி வகை அப்படியல்ல. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் வைரஸ் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும்.

கீழாநெல்லியையும் சோதித்தார்கள். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழு 37 பேருக்கு 30 நாள் கொடுத்தது. 22 பேரிடம் பி வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆபத்தான இறக்கம்

ஈரல் அடியோடு கெட்டாலும் எண் இறங்கும். கசிவதற்கு செல் மிச்சமில்லையே! அப்போது பிலிருபின் ஏறும். ரத்தம் உறையத் தாமதமாகும். நோயாளி உளறுவார். அந்த நேரத்தில் சீட்டைப் பார்த்து நிம்மதி அடைந்தால் உயிர் போய்விடும்.

ஆகவே "எண் எவ்வளவு?" என்பதோடு நிற்காமல், "எந்த வகைக் காமாலை?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பி வகைக்கு, தேவைப்படுவோருக்கு டெனோபோவிர் மாத்திரை உண்டு. எண் இறங்கியதே என்று தானாக நிறுத்தினால் நோய் திரும்பச் சீறும். சி வகை, பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முழுக் குணம்.

2018-ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. எண்ணை இறக்க மட்டும் மாத்திரை வாங்குவது காசுக்கும் கேடு, ஈரலுக்கும் கேடு!