வலிக்காத கட்டியா? 'மூலம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

குளிக்கும்போது ஆசனவாய் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பலரும் அடுத்து செய்வது இரண்டே விஷயம்தான். 'மூலமாத்தான் இருக்கும்' என்று தாங்களே பெயர் வைத்துவிடுவார்கள். 'வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். இந்த இரண்டுமே ஆபத்தான பழக்கம்.

நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான். பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் 'மூலம், பௌத்திரம்: ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டி ஒட்டியே, அங்கே வேறு நோயே வராது என்று நம்மை நம்ப வைத்துவிட்டார்கள்.

ஏன் வலிப்பதில்லை?

ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. ஆழத்தில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள தோலில் வலியை உணரும் நரம்புகள் ஏராளம். மேலே உள்ள சவ்வில் அப்படி இல்லை. அதனால்தான் உள்மூலம் வெளியே தள்ளினாலும் பல நேரம் வலிக்காது, ரத்தம் மட்டும் சொட்டும். அதே மேல்பகுதியில் புற்றுநோய் வந்தாலும் தொடக்கத்தில் வலிக்காமல் போகலாம். மாறாக, உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஆசனவாய் வெடிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆக, வலியை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

என்னவாக இருக்கலாம்?

பரவலாகக் காணப்படுவது ஸ்கின் டேக். பழைய மூலமோ வெடிப்போ ஆறிய பிறகு மிஞ்சும் தோல் மடிப்பு இது, ஆபத்தில்லை. உள்மூலம் என்றால், மலம் கழிக்கும்போது வெளியே வந்து, தானாகவோ விரலால் தள்ளினாலோ உள்ளே போகும். உடம்பில் மற்ற இடங்களில் வருவதுபோலக் கொழுப்புக் கட்டி இங்கும் வரலாம். சின்னப் பரு போல இருந்து அடிக்கடி நீரோ சீழோ கசிந்தால் பௌத்திரமாக இருக்கலாம். சிலருக்கு அதன் பின்னணியில் காசநோயோ குரோன்ஸ் என்ற குடல் நோயோ இருக்கும்.

காலிஃபிளவர் போலக் கொத்துக் கொத்தாக இருந்தால் அது மருவாக இருக்கலாம். பெரும்பாலும் எச்பிவி வைரஸின் 6, 11 வகைகள்தான் காரணம். பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவும். சிபிலிஸின் முதல் புண்ணும் பொதுவாக வலிக்காது. சில வாரங்களில் அது தானாக மறைந்துவிடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, பென்சிலின் ஊசியால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

ஆசனவாய்ப் புற்றுநோய் அரிது. ஆனால், தொடக்கத்தில் அது மூலம் போலவே தோன்றலாம் என்பதுதான் சிக்கல். எச்பிவி 16-ஆம் வகை முக்கியக் காரணம். எச்ஐவி உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாசெட் இந்த நோயால் 2009-ல் 62 வயதில் இறந்தார். பெயர் சொல்லவே கூசுகிற நோய் என்று மறைக்காமல், தன் சிகிச்சையை ஆவணப்படமாகவே தொலைக்காட்சியில் காட்டியவர் அவர். சீக்கிரம் கண்டுபிடித்தால், கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையால் பெரும்பாலானவர்களுக்கு ஆசனவாயை அகற்றாமலேயே குணமாக்க முடிகிறது.

எப்போது, யாரிடம் போவது?

போனில் போட்டோ எடுத்து இணையப் படங்களோடு ஒப்பிடுவது உதவாது. மருவும் ஸ்கின் டேக்கும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி.யிலும் காட்டலாம். கட்டி கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்தாலோ, புண்ணானாலோ, ரத்தம் வந்தாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ காத்திருக்கவே வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது, கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்ப்பது, தேவைப்பட்டால் சின்னக் குழாய்க் கருவி வைத்து உள்ளே பார்ப்பது: பரிசோதனை இவ்வளவுதான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சிறு துண்டு எடுத்து சோதிப்பார்கள். பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். பாலுறவு பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதே அதைப் பொறுத்துதான்.

மருத்துவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நோயாளி 'பைல்ஸ்' என்று சொன்னதும், பார்க்காமலேயே ஆயின்ட்மென்ட் எழுதித் தருவது சரியல்ல. அப்படி எழுதினால், "ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.