தரவுத்தளம் என்னும் மாற்றாந்தாய்ப் பிள்ளை

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குகிறோம். அவற்றையெல்லாம் ஓரிடத்திலிருந்து ஆளும் விஎம்வேரின் வி-சென்டரை நிறுவுவோர், அதன் தரவுத்தளத்தை மட்டும் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே நடத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தை ஊட்டியதில் நிறுவல் நிரலுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

விண்டோஸில் நிறுவிய காலத்தில், கூடவே வந்த மைக்ரோசாப்டின் இலவச எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தைத் தேர்ந்துவிட்டு, 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திச் சென்றவர்களில் நானும் ஒருவன். 5 வழங்கிகள், 50 மெய்நிகர் கணினிகள் வரைக்கும்தான் அது பொருந்தும் என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தது. யார் படித்தார்கள்? நான் பணியாற்றிய இடத்தில் கணினிகள் பெருகின. செயல்திறன் புள்ளிவிவரச் சேகரிப்பின் அளவையும் யாரோ உயர்த்தியிருந்தார்கள் (நானாகவும் இருக்கலாம்). ஒருநாள் காலை தரவுத்தளம் தன் 10 ஜிபி வரம்பைத் தொட்டது, வி-சென்டர் நின்றது. மெய்நிகர் கணினிகள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எதையும் இடம் மாற்றவோ புதிதாக உருவாக்கவோ வழியில்லாமல், பழைய நிகழ்வுப் பதிவுகளைக் கையால் அழித்தபடி அரைநாள் கழிந்தது.

2015இல் வந்த 6.0 பதிப்பு எக்ஸ்பிரஸைக் கைவிட்டு போஸ்ட்கிரெஸைச் சேர்த்தது. 2020இல் 7.0 விண்டோஸையே விலக்கியது. நல்ல முடிவுகள்தாம். ஆயினும் வட்டு நிரம்பினால் சேவை இன்றும் நிற்கும். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை நிறுவும் அன்றே முடிவு செய்யாதவரை நான் நிர்வாகி என்று ஏற்கமாட்டேன். காப்புப்பிரதி எடுக்கும் வசதி 6.5 முதல் நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. அது வேறொரு வழங்கியின் முகவரியைக் கேட்கும். அந்தக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விட்டுவைத்திருக்கிறார்கள்.