மிதிவண்டி நெடும்பயணமும் நம் இளைஞரும்

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று என்பதை நாம் அனைவரும் ஒப்புவோம். ஆயினும், கோடை விடுமுறையில் மிதிவண்டியில் கன்னியாகுமரிவரை சென்று வருகிறோம் என்று நான்கு மாணவர்கள் கேட்டால், நம் இல்லங்களில் எழும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "இந்த வெயிலில் வேண்டாம்." கேட்ட இளைஞரோ, "வெயில் எங்களை என்ன செய்துவிடும்?" என்று எண்ணுகின்றனர். தடுக்கும் பெரியோரின் அச்சத்திலும் உண்மை உண்டு. துடிக்கும் இளையோரின் ஆர்வத்திலும் உண்மை உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே அறிவு என்னும் பாலம் அமையவில்லை என்பதே நம் கவலை. தடை விதித்தலும் தகாது. துணிச்சல் ஒன்றே போதும் என விட்டுவிடுதலும் தகாது. முறையாகக் கற்பித்து அனுப்புவதே தக்கது என்பது நம் துணிபு.

முன்னே சென்றோர்

மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதராகப் போற்றப்படுபவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட அவர், 1886 டிசம்பரில் ஜப்பான் நாட்டு யோகோகாமா துறைமுகத்தில் தம் பயணத்தை நிறைவு செய்தார். அவர் ஏறிச் சென்றது, முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த பழைய வண்டி. காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவையே அவர் கொண்டு சென்ற மூட்டை. ஆப்கானிய மண்ணில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட அவர், கடல்வழியே சுற்றி வந்து, லாகூர் முதல் கல்கத்தா வரை நெடுஞ்சாலையில் மிதித்துச் சென்றார். மழைக்கோட்டினையே கூரையாகக் கொண்ட அவரது சிக்கனம், பொருள் குறையக் குறையப் பயணம் எளிதாகும் என்பதற்குச் சான்று.

நம் நாட்டவரின் சாதனையும் இதற்குக் குறைந்ததன்று. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு இளைஞர்கள் மிதிவண்டிகளில் உலகப் பயணம் தொடங்கினர். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பம்காரா ஆகிய மூவர் மட்டுமே அதனை முழுமையாக முடித்து, 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினர். அவர்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். பாக்தாதிலிருந்து அலெப்போ வரையிலான பாலைநிலத்தைக் கொளுத்தும் வெயிலிலும் மணற்புயலிலும் அவர்கள் கடக்க 23 நாள்கள் ஆயின. தொலைவோ ஏறத்தாழ 950 கிலோமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 40 கிலோமீட்டரே ஆகிறது. நல்ல சாலையில் பழகிய ஒருவர் அரைநாளில் கடக்கக்கூடிய தொலைவு இது. பாலை அனுமதித்த அளவே அவர்கள் முன்னேறினர். அதனால்தான் அலெப்போவை அடைந்தனர்.

அயர்லாந்து நாட்டுப் பெண்மணி டெர்வ்லா மர்பி, பத்தாம் பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியையும் ஒரு நிலப்படத் தொகுப்பையும் பரிசாகப் பெற்றார். ஒருநாள் இந்தியாவரை மிதித்துச் செல்வது என்று அப்போதே உறுதி பூண்டார். அவ்வுறுதி நிறைவேறியது 1963இல். கடுங்குளிர் வாட்டிய சனவரியில் புறப்பட்டு, ஈரான், ஆப்கானித்தான், பாகித்தான் வழியே சூலையில் டெல்லி சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து நிறைவேற்றிய கனவு அது. இன்று கேட்டு நாளை கிடைக்க வேண்டும் என்னும் நம் இளைஞர் இப்பொறுமையைக் கருதிப் பார்த்தல் நன்று.

வெயிலின் இயல்பு

உடலைக் குளிர்விப்பது வியர்வையன்று. வியர்வை ஆவியாதலே ஆகும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடற்சூடு தணியாது. ஆகவே கடற்கரை ஊர்களின் புழுக்கம், வெப்பமானியில் குறைவாகத் தோன்றினும், உள்நாட்டு வறண்ட வெயிலினும் கொடியதாகலாம். மிதிவண்டியில் செல்வோர்க்கு மற்றுமொரு மயக்கம் உண்டு. வண்டியின் வேகத்தில் எழும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை. மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்து காற்றும் நின்றுவிட, உழைப்போ இரட்டிப்பாகிறது. பலர் தளர்ந்து விழுவது அங்கேதான்.

வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுதலும் தீங்கே. குருதியில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் நேரும். நம் முன்னோர் வயலுக்கு எடுத்துச் சென்ற உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் இதற்கேற்ற உணவு. பேச்சுக் குழறுதல், நடை தடுமாறுதல், பொருத்தமின்றிப் பேசுதல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் புகட்டலாகாது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமைகள் ஆகும். தேர்வு முடிந்த மறுநாளே நூறு கிலோமீட்டர் புறப்படுவது பேதைமை.

2024ஆம் ஆண்டு, அளவீடுகள் தொடங்கிய காலம் முதல் புவியின் மிக வெப்பமான ஆண்டாகப் பதிவாயிற்று. எனவே, "எங்கள் காலத்தில் நாங்கள் செல்லவில்லையா?" என்னும் பெரியோர் கூற்றும் இனி அளந்தே சொல்லத் தக்கது.

புயலின் முன்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் காலையெல்லாம் காய்ந்த வெயில், பிற்பகலில் இடியும் மின்னலுமாக மாறுவது நம் நாட்டு இயல்பு. மிதிவண்டியின் ரப்பர் டயர் மின்னலிலிருந்து காக்கும் என்பது தவறான நம்பிக்கை. தனிமரத்தின் அடியில் ஒதுங்குதல் அதனினும் தவறு. இடியோசை கேட்டவுடன் கட்டடத்துள் புகுவதும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்தபின் புறப்படுவதுமே பாதுகாப்பு. முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். நனைந்த பிரேக் கட்டை சக்கரத்தைப் பற்றாது. எதிர்காற்றின் வேகம் கூடக்கூட அதன் தடை பன்மடங்காகும். அதனோடு மல்லுக்கு நிற்பவன் களைப்பான். வழியோரத் தேநீர்க் கடையில் அமர்ந்து காற்று தணியக் காத்திருப்பவன் ஊர் சேர்வான்.

நாம் செய்யத் தக்கவை

கல்லூரிகள் இப்பயணங்களைத் தாமே நடத்த முன்வரவேண்டும். ஒரு திங்கள் முன்பே பயிற்சி தொடங்கவேண்டும். பஞ்சர் ஒட்டவும், செயின் மாட்டவும், பிரேக்கைச் சீராக்கவும் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் வேண்டும். வைகறையில் புறப்பட்டு முற்பகல் பத்து மணிக்குள் நிழல் சேர்வதும், மாலை வானம் தெளிந்திருந்தால் மட்டுமே மீண்டும் தொடர்வதும் விதியாகவேண்டும். குழுவின் வேகம், அதில் மிக மெல்லச் செல்பவரின் வேகமாக இருக்கவேண்டும். "இன்று நிறுத்துவோம்" என்று எவர் சொன்னாலும், அவரை ஏளனம் செய்யாத பண்பு வேண்டும். இவ்வொரு பண்பே பல உயிர்களைக் காக்கும்.

பெண்மக்களை இதினின்று விலக்குதல் முறையன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அன்று ஊரார் செய்த கேலியைக் கடந்து அவர்கள் மிதித்தனர். அவர்களின் பேத்தியர் தக்க துணையோடும் ஏற்பாட்டோடும் நெடுவழி செல்ல விழைந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது "எதற்கு?" என்பதன்று, "எப்படி?" என்பதே.

பெரியோர்களே! பிள்ளைகளைத் தடுத்து வைப்பதால் அவர்கள் வெயிலை அறியாதவர்களாகவே வளர்வர். ஒருநாள் நம் அறிவுரையின்றியே புறப்படுவர். மாணவர்களே! திரும்பி வருவதும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை நினைவில் கொள்ளுங்கள். அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பாக ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு நிலப்படத்தை விரித்து, சிறியதொரு வழியையேனும் வரைவோமாக!