எதிர்ப்பு வேறு, பகை வேறு

ஆங்கிலத்தில் சில சொற்கள் எளிதில் விளங்கியவை போலத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். 'ஆன்டாகனைஸ்' என்னும் வினைச்சொல் அத்தகையது. 'எதிர்த்தல்' என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோர் பலர். சற்று நின்று நோக்கினால், இச்சொல் நமக்கு ஒரு நல்ல பாடமே புகட்டுகிறது.

இதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அங்கே 'அகோன்' என்றால் போட்டி. 'ஆன்டி' என்றால் எதிராக. ஆகவே, பந்தயத்தில் நமக்கு எதிரே நிற்பவரே 'ஆன்டாகனிஸ்ட்'. அவர் எதிராளியேயன்றி விரோதியல்லர். ஆங்கில வினைச்சொல்லும் தொடக்கத்தில் போட்டியிடுதலையும் எதிர்த்து நிற்றலையுமே குறித்தது. இன்றைய பொதுவழக்கிலோ, பிறர் உள்ளத்தில் நம்மீது பகைமை மூளச் செய்தல் என்பதே அதன் பொருள்.

உடலியல் நூல்களோ பழைய பொருளைக் காத்து வருகின்றன. மேற்கையின் முன்புறமுள்ள பைசெப்ஸ் தசை சுருங்கினால் முழங்கை மடங்குகிறது. பின்புறமுள்ள டிரைசெப்ஸ் சுருங்கினால் கை நீள்கிறது. இவை ஒன்றுக்கொன்று 'ஆன்டாகனிஸ்ட்' எனப்படும். ஒன்று சுருங்கும்போது மற்றது தளர்ந்து இடங்கொடுக்கிறது. இவற்றிடையே எதிர்ப்பு உண்டு; பகை ஏது?

இன்றைய பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் 'பகைத்துக்கொள்ளுதல்'. எதிர்ப்பது நம் செயல். பகையோ மற்றவர் மனத்தில் விளைவது. அதை நாம் விரும்பியிருக்க வேண்டுமென்பதில்லை. 1765-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது முத்திரைவரி விதித்தது. பத்திரிகைகளுக்கும் சட்டப் பத்திரங்களுக்கும் வரி, சீட்டுக்கட்டுக்கும் வரி! பகையை வளர்ப்பது அதன் நோக்கமன்று. பணம் திரட்டுவதே நோக்கம். ஆயினும், தங்கள் பிரதிநிதிகள் இல்லாத சபை தங்கள்மீது வரி விதிப்பதா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1766-இல் அச்சட்டம் நீக்கப்பட்டும் மனக்கசப்பு நீங்கவில்லை. பத்தே ஆண்டுகளில், 1776-இல், அவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். பாராளுமன்றம் அவர்களை 'ஆன்டாகனைஸ்' செய்தது என்று எழுதினால் அது சரியான பிரயோகம்.

இவ்வேறுபாடு தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதன்று. பெண்களாகிய நமக்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை, "யாரையும் பகைத்துக்கொள்ளாதே" என்பது. நல்ல அறிவுரைதான். ஆனால், "எதையும் எதிர்க்காதே" என்பதற்கும் அதே சொற்கள் பயன்பட்டுவிடுகின்றன. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும், "சம்பந்தி வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்" என்று சொல்லியே எத்தனை இல்லங்களில் கேட்டதைக் கொடுத்துவிடுகின்றனர்! தகாத கோரிக்கைக்கு "இயலாது" என்று பணிவோடு மறுப்பது பகைத்தலாகுமா? கேட்டவர் அதற்காகச் சினந்தால், குறை மறுத்தவருடையதா, கேட்டவருடையதா? பெற்றோர்களும் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

அதேசமயம், உண்மையைத்தானே சொன்னோம் என்று கூறிக்கொண்டு ஏளனச் சொல்லும் இகழ்ச்சிச் சிரிப்பும் கலந்து பேசினால், அது எதிர்ப்பு என்னும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தோழியின் கருத்தைத் தவறென்று சொல்லலாம்; தோழியையே மூடமென்று சொன்னால் நாம் பகையை விதைத்தவர்களாவோம். கருத்தை மறுக்கிறோமா, ஆளைப் புண்படுத்துகிறோமா என்பதே நாம் பேசுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

எனவே, அகராதியில் இச்சொல்லைக் காணும்போது இரண்டையும் நினைவிற் கொள்வோம். அநீதியைக் கண்டால் அஞ்சாமல் எதிர்ப்போம். எதிர்க்கும்போதும் எவர் மனத்திலும் வீணாக நெருப்பு மூட்டாதிருப்போம்.