விலைக்கு வாங்கிய மரபு

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் கடைத்தெருக்களில் பளபளக்கும் மாலைகள் மலைபோல் குவிகின்றன. மின்னும் நெகிழி இழைகள், செயற்கைப் பனி ஒட்டிய கொடிகள், ஒரே அச்சில் வார்த்த உருண்டைகள்! அவற்றை வாங்கி வந்து, அரைமணி நேரத்தில் மரத்தின்மேல் சுற்றிவிட்டு, "மரபுப்படி மரம் அலங்கரித்தாயிற்று" என்று மனநிறைவு கொள்ளும் இல்லங்கள் பெருகிவிட்டன. எது மரபு? விலை கொடுத்து வாங்கியதா, கைகொண்டு செய்ததா?

வரலாறு தெளிவாகவே விடை பகர்கின்றது. 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் நிறுத்தப்பட்டிருந்த ஊசியிலை மரங்களைப் பற்றிய பழங்குறிப்பு ஒன்று உண்டு. பல வண்ணத் தாளில் வெட்டிய ரோசாப் பூக்கள், ஆப்பிள் பழங்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தாள், இனிப்புகள் ஆகியவையே அம்மரங்களின் அணிகலன்கள். பெரும்பாலும் கத்தரிக்கோலும் அடுப்படியும் ஈன்றவை அவை.

அவ்வழக்கம் கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு மக்கள் தம் மண்ணில் விளைந்த சோளத்தைப் பொரித்து, செந்நிறக் கிரான்பெரிப் பழங்களோடு ஊசியால் நூலில் கோத்து மாலையாக்கினர். டென்மார்க் மக்கள் வண்ணத் தாளைப் பின்னி இதய வடிவக் கூடைகள் செய்தனர்; கதை மன்னர் ஆன்டர்சன் 1860இல் செய்த தாள் இதயம் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது. நாடுதோறும் பொருள் மாறிற்று, கைத்தொழில் மாறவில்லை.

"கண்ணாடி உருண்டைகளும் பழைமையானவைதாமே?" என வினவுவோர் உளர். உண்மை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா என்னும் சிற்றூரில் அவை உருவாயின. 1880களில் உல்வொர்த் என்னும் அமெரிக்க வணிகர் அவற்றைத் தருவித்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். ஆயின், அவற்றைச் செய்தோர் யாவர்? வீட்டிலேயே தொழில் நடத்திய எளிய குடும்பத்தினர். தந்தை ஊத, தாயும் பிள்ளைகளும் வெள்ளி பூசி வண்ணம் தீட்டினர். ஓர் ஊர்ப் பிள்ளைகள் உழைத்துக் களைக்க, வேறோர் ஊர்ப் பிள்ளைகளின் கைகள் வேலையற்றுப் போயின. வாங்கும் பழக்கம் வளர்ந்த கதை இதுதான்.

இன்று சொல்லப்படும் சாக்குகள் இரண்டு. ஒன்று, நேரமின்மை. ஓர் அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட தாள் துண்டுகளை வளையமாக்கி, ஒன்றனுள் ஒன்றாக நுழைத்துப் பசை தடவினால் சங்கிலி மாலை உருவாகும். தொலைக்காட்சிக்குத் தரும் ஒரு மாலைப்பொழுதை இதற்குத் தரலாகாதா?

மற்றொன்று, "கையால் செய்தது ஏழ்மையைக் காட்டும், விருந்தினர் நகைப்பர்" என்பது. இதுவே கொடிய நஞ்சு. குழந்தை செய்த கோணல் மாலையை மரத்தின் பின்புறத்தில் மறைக்கும் பெற்றோர், "உன் உழைப்பினும் விலைச்சீட்டே உயர்ந்தது" என்று அக்குழந்தைக்குப் பாடம் புகட்டுகின்றனர். அப்பாடத்தை அது வாழ்நாள் முழுதும் மறவாது.

மலேசிய, சிங்கைத் தமிழ்க் கிறித்தவ இல்லங்கள் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்நாட்டு ஈரக் காற்றில் சோளப்பொரி மாலை நமுத்துப்போகும், எறும்பும் மொய்க்கும். அமெரிக்கரைப் படியெடுக்கத் தேவையில்லை. திருமணப் பந்தலுக்குத் தென்னங்குருத்தில் தோரணமும் கிளியும் பின்னத் தெரிந்த முதியோர் இங்கு உளர். அக்குருத்துக் கிளி கிறிஸ்துமஸ் மரத்தில் ஆடினால் மரபு கெடுமோ? கெடாது! உள்ளூர்ப் பொருளைக் கொண்டு தம் கையால் அணிசெய்த பழையோரின் உண்மை வழித்தோன்றல் அதுவே. பனியே பெய்யாத நாட்டில் நெகிழிப் பனி தூவுவதன்றோ மரபுக்கேடு?

பள்ளியில் கைவினைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தாள் மாலையை மதிப்பெண்ணோடு முடித்துவிடலாகாது. அதை வீட்டிற்குக் கொண்டுசென்று, மரத்தின் முன்புறத்தில், அனைவர் கண்ணிலும் படுமாறு தொங்கவிடச் சொல்வார்களாக. கோணலாயினும் அஃது அவ்வீட்டின் சொந்த மாலை.